வாசனை சேர்க்காத டப்பா

மார்ச் 4

தங்கை சுகுணாவைக் கவுண்டரிலிருந்து ஸ்டாக் அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஏழு வருடமாக அந்த நகைக்கடையில் ஆரம் பிரிவில் நிற்கிறவள். "முகம் சரியானதும் பழையபடி வந்துக்கலாம், கஸ்டமர் ஒரு மாதிரி பாக்கறாங்க" என்றாராம் மேனேஜர். வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக்கூட இறக்காமல் வாஷ்பேசின் கண்ணாடி முன்னால் நின்றாள். இரண்டு கன்னமும் வெந்நீர் பட்டதுபோல் சிவந்து, மெல்லிய ரத்தக்குழாய்கள் நூல்நூலாகத் தெரிகின்றன. தாடையில் பூனைமுடி கறுத்து வளர்ந்திருக்கிறது.

"வெயிலு ஒத்துக்கல போலக்கா. கிரீம் கொஞ்சம் கூடப் போட்டா எரிச்சல் அடங்குது."

போடு என்றேன். பொன்னிலை கிரீமில் இருப்பது மல்பெரி வேர்ச்சாறு, அதிமதுரம், நெல்லிக்காய். மூன்றையும் சாறெடுத்து அளவு கண்டுபிடித்தது நான். பதினோரு வருடமாகப் பொன்னிலை ஹெர்பல்ஸின் ஆய்வுக்கூடம் என் பொறுப்பு. டப்பா மேல் 'இளமையும் நிறமும் இலையிலிருந்து' என்று அச்சடித்திருக்கும். அந்த வரியும் நான் எழுதியதுதான்.

சிலிண்டர் புக் செய்ய வேண்டும்.

மார்ச் 6

தோல் டாக்டர் ஷகிலா பானுவிடம் போனோம். சுகுணாவின் கன்னத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"என்ன கிரீம்மா போடற?"

"அக்கா கம்பெனி கிரீமுங்க டாக்டர். ஒன்றரை வருஷமாப் போடறேன். மூலிகைதான்."

"மூலிகை இப்படிப் பண்ணாது. இது ஸ்டீராய்டு பண்ற வேலை. மொதல்ல பளபளன்னு ஆக்கும். அப்பறம் தோலை மெலிய வச்சிரும். நிறுத்தினா எரியும், எரியுதேன்னு மறுபடியும் போடத் தோணும்."

நான் வேதியியல் படித்தவள் என்று சொல்லி, சேர்மானம் முழுவதையும் ஒப்பித்தேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க செய்யறது அது. டப்பாவுல இருக்கறது என்னன்னு பாத்தீங்களா?" என்றார்.

ஆட்டோவில் வரும்போது சுகுணா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "அந்தம்மாவுக்கு என்ன தெரியும்க்கா" என்றாள்.

மார்ச் 7

கடையில் ஒரு டப்பா வாங்கி, கம்பெனிப் பெயரையும் பேட்ச் எண்ணையும் சுரண்டிவிட்டு, சென்னையில் ஒரு லேபுக்குக் கூரியரில் அனுப்பினேன். அனுப்புநர் பெயர் சுகுணா. மதியம் பேட்ச் 38-க்குக் கையெழுத்து.

மார்ச் 19

ரிசல்ட் வந்துவிட்டது. க்ளோபெட்டசால். டாக்டர் சீட்டு இல்லாமல் தொடக்கூடாத ஸ்டீராய்டு மருந்து. என் மல்பெரியும் அதிமதுரமும் அதற்குக் கீழே ஏதோ பேருக்கு இருக்கின்றன.

உடுமலைத் தோட்டங்களில் வேர் தோண்ட நானே போய் நின்றிருக்கிறேன். எந்த மாதத்து வேரில் சத்து அதிகம் என்று மூன்று வருடம் பார்த்துப் பார்த்துக் குறித்திருக்கிறேன். வாடிக்கையாளர்கள் எழுதிய கடிதங்களை ஒரு ஃபைலில் சேர்த்து வைத்திருக்கிறேன். 'பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு மேடம்.' அத்தனையும் அந்த மருந்துக்கு வந்த கடிதங்கள்.

சுகுணா அறிக்கையை இரண்டு தடவை படித்தாள். "உனக்குத் தெரியாதாக்கா?"

தெரியாது என்றேன்.

மார்ச் 21

கிரீம் என் லேபிலிருந்து சுத்தமாகத்தான் போகிறது. நான் சோதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு ஒரே ஒரு வேலைதான் பாக்கி இருக்கும்: வாசனைக் கலவை சேர்ப்பது. அதை முதலாளி சென்னியப்பன் சார் கதவைச் சாத்திக்கொண்டு தன் கையால் சேர்ப்பார். குடும்ப ரகசியம் என்பார். நாங்களும் சிரித்துக்கொள்வோம்.

இன்னொன்றும் இன்றுதான் உறைத்தது. ஒவ்வொரு மாதமும், வாசனை சேர்ப்பதற்கு முன்னால் ஒரு டப்பா தனியாக எடுத்து வைக்கச் சொல்வார். "பாப்பாளுக்கு வாசன ஒத்துக்காது அம்மிணி, தும்மிட்டே இருப்பா." பாப்பா என்பது மிருதுளா, அவருடைய ஒரே மகள். மூன்று வருடமாக அந்த டப்பாவை நிரப்பிக் கொடுப்பது நான்தான்.

ஊருக்கெல்லாம் அவர் கிரீம். அவர் மகளுக்கு மட்டும் என் கிரீம்.

மார்ச் 24

"மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீஸ்ல எழுதிக் குடுத்தரலாம்க்கா" என்கிறாள் சுகுணா. பொறு என்றேன். எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மூலப்பொருள் விற்றவன் மேல் பழியைப் போடுவார். அபராதம் கட்டுவார். அடுத்த வருடம் வேறு பெயரில் டப்பா அடிப்பார். சுகுணாவுக்கு எரிகிற மாதிரி அவருக்கு எரிய வேண்டாமா?

அவருக்கு எங்கே எரியும் என்று நான்கு நாளாக யோசிக்கிறேன்.

மாவு புளித்துவிட்டது. தோசைக்கு ஆகும்.

ஏப்ரல் 2

மிருதுளாவுக்கு மாப்பிள்ளை முடிவாகியிருக்கிறது. ஆவணியில் கல்யாணம். சார் லேபுக்கே வந்து ஆளுக்கொரு லட்டு கொடுத்தார். "அம்மிணி, பாப்பா டப்பா இந்த மாசம் மறந்துராதீங்க. மூஞ்சி நல்லா இருக்கோணும்."

மறக்க மாட்டேன் சார் என்றேன். லட்டில் ஏலக்காய் தூக்கல்.

ஏப்ரல் 3

மிருதுளாவின் டப்பாவை நிரப்பினேன். வாசனை சேர்த்த பிறகு நிரப்பினேன்.

நான் எதையும் கலக்கவில்லை. அவர் செய்ததை அவர் வீட்டுக்கே அனுப்பினேன். வேறெதுவும் செய்யவில்லை.

பேட்ச் 40-க்குக் கையெழுத்து.

ஏப்ரல் 5

மிருதுளா ஃபோன் செய்தாள். "வாணிக்கா, இந்தத் தடவை கிரீம் மணக்குதே."

"மல்லிப்பூச் சாறு கொஞ்சம் சேத்திருக்கேன் கண்ணு. தும்மல் வந்தாச் சொல்லு."

"எனக்கெங்கக்கா தும்மல்? அப்பா எதையாச்சும் சொல்லிட்டிருப்பாரு. நல்லாருக்கு, இதையே குடுங்க."

இதையே கொடுப்பதாகச் சொன்னேன்.

ஏப்ரல் 23

மிருதுளா அப்பாவோடு கம்பெனிக்கு வந்திருந்தாள். முகம் சுடர் ஏற்றியது மாதிரி இருக்கிறது. பேக்கிங் பெண்கள் அவளைச் சுற்றி நின்று பார்த்தார்கள். சார் என்னிடம் குனிந்து சொன்னார்: "பாத்தீங்களா அம்மிணி, கல்யாணக் களை வந்துருச்சு."

இதே வேலையை ஆயிரம் முகங்களில் செய்தவருக்குத் தன் வீட்டில் வந்து நிற்கும்போது அடையாளம் தெரியவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்காக நான் இன்னும் பத்து வருடம் அங்கே வேலை பார்ப்பேன்.

மே 2

கிரீமை நிறுத்தி ஒன்றரை மாதம் ஆகிவிட்டது, சுகுணாவுக்கு இன்னும் எரிகிறது. சோறு வடிக்கிற ஆவி பட்டாலே துடிக்கிறாள். சமையல் முழுக்க என் தலையில். ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு ஃபேனுக்கு நேர் கீழே படுத்திருக்கிறாள். நேற்று, துணியை எடுக்காமலே கேட்டாள்: "எனக்கு அந்த டப்பாவ ஏன்க்கா குடுத்த? நான் கேக்கவே இல்லையே."

உண்மைதான். பல்லடத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி என்று சொல்லி அனுப்பிய வாரம் நானாகத்தான் கொண்டுவந்து கொடுத்தேன். "உன் நல்லதுக்குத்தான்" என்று நேற்று அவளுக்குப் பதில் சொன்னேன். அன்றும் அதைத்தான் சொன்னேன்.

மிருதுளாவுக்கு இன்று இருபத்தொன்பதாவது நாள்.

பேட்ச் 42-க்குக் கையெழுத்து.

மே 18

மிருதுளா லேபுக்கு வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து, மல்பெரி வேர் எப்படி இருக்கும், காட்டுங்கக்கா என்றாள். காட்டினேன். முகர்ந்து பார்த்து மூக்கைச் சுருக்கினாள். "இதுலயா இவ்வளவு வெளிச்சம் இருக்கு?" கல்யாணத்துக்குப் பிறகும் வேலையை விடப் போவதில்லை என்றாள். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். எனக்குப் பட்டுச்சேலை என்ன நிறத்தில் எடுக்கட்டும் என்று கேட்டாள்.

போகும்போது, ஃபிரண்ட்ஸ் கேட்கிறார்கள் என்று மூன்று டப்பா கேட்டாள். சீல் போட்ட டப்பா மூன்றை ஸ்டாக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கடையில் வாங்கினாலும் அதேதானே.

வாசல் வெளிச்சத்தில் பார்த்தேன். இடது கன்னத்தில், மூக்கு ஓரத்தில், ஒரே ஒரு சிவப்பு நூல். பார்த்ததும் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. மதியச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில்.

ஜூன் 1

மூன்றாவது டப்பா. பேட்ச் 44.

ஜூன் 16

முகூர்த்தப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போன மிருதுளா கிரீமை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான்கு நாள். மூன்றாம் நாளே முகம் வெடித்துவிட்டதாம். சீழ்க்கொப்பளம், வீக்கம், தண்ணீர் பட்டால் அலறுகிறாளாம். அழுதுகொண்டே ஃபோன் செய்தாள்.

"சேலைக்கடைல எல்லாரும் என்னையே பாத்தாங்கக்கா. கிரீம் போட்டாச் சரியாயிருமா?"

போடாதே என்றேன். டாக்டர் ஷகிலா பானுவின் நம்பரைக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் 17

சார் காலையிலேயே லேபுக்கு வந்தார். மற்றவர்களை டீ குடிக்க அனுப்பினார். ஃபோனில் மகளின் படத்தை எடுத்து என் மேஜை மேல் வைத்தார்.

"பாப்பாளுக்கு என்ன குடுத்தீங்க அம்மிணி?"

"உங்க கிரீமுங்க சார்."

"வாசன போடாததத்தானே குடுக்கச் சொன்னேன்."

"வாசனைதானுங்களே சார். அதுல அப்படி என்ன இருக்கப்போகுது?"

அவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். வாய்விட்டுச் சொன்னால் அவர் குற்றத்தை அவரே சொன்னதாகிவிடும். அந்த மௌனத்துக்காகத்தான் இரண்டரை மாதம் காத்திருந்தேன். அது நான் நினைத்த அளவுக்கு நீளமாகவே இருந்தது. பிறகு அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ற புள்ள அம்மிணி. அவ உங்கள என்ன பண்ணுனா?"

"சுகுணா உங்கள என்ன பண்ணுனா?"

"யாரு சுகுணா?"

ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜைக்கு என்னோடு வந்து, இவர் கையால் பொரியும் சுண்டலும் வாங்கியவள். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. என் தங்கச்சி என்று சொன்னேன். எதையோ நினைவுபடுத்திப் பார்க்கிற மாதிரி புருவத்தைச் சுருக்கினார்.

நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

ஜூன் 19

மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். வாசனை அறை எங்கே, எந்த டின், எல்லாம் எழுதினேன். மிருதுளாவைப் பற்றி எழுதவில்லை. அது தனி விஷயம்.

ஜூன் 30

சோதனை போட்டார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. வாசனை அறையில் மல்லி எசன்ஸ் இரண்டு டின் இருந்ததாம். புது பேக்கிங் வருகிறது என்று சொல்லி, கடைகளில் இருந்த டப்பாக்களைப் பத்தே நாளில் திரும்ப எடுத்துவிட்டார்கள். 'அதுல அப்படி என்ன இருக்கப்போகுது' என்று நான் சாரைக் கேட்ட அன்றே அவர் வேலையை ஆரம்பித்திருப்பார்.

மார்ச்சில் வந்த லேப் அறிக்கையை நீட்டினேன். அதிகாரி புரட்டிப் பார்த்தார். "இதுல கம்பெனி பேரு இல்ல, பேட்ச் நம்பர் இல்ல. யாரும்மா சுரண்டுனது?"

"நான்தாங்க."

"சீல் உடைக்காத பழைய டப்பா ஏதாச்சும் இருந்தாக் கொண்டுவாங்க. இல்லாட்டி இதோட சரி."

ஜூலை 8

சுகுணா டாக்டரிடம் போய்விட்டு மிகவும் தாமதமாக வந்தாள். காத்திருக்கும் இடத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்ணிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறாள். இரண்டு பேர் முகமும் ஒரே மாதிரி இருந்ததால் கேட்டிருக்கிறாள். அது மிருதுளா.

துணி மடித்துக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து நின்றாள்.

"அந்தப் புள்ளைக்குத் தனி டப்பா போகுமாமே. மல்லிச் சாறுன்னு சொன்னயாமே."

"அவங்கப்பன் உனக்குச் செஞ்சதுக்கு..."

"எனக்குச் செஞ்சதுக்கு நான் உங்கிட்ட அதையா கேட்டேன்? எழுதிக் குடுக்கலாம்னு சொன்னேன். பொறுன்னு சொன்ன. நீ என்னமோ சாட்சி சேக்கறேன்னு நெனச்சேன்."

மடித்த துணியையே மறுபடி மடித்தேன்.

"எனக்கு நீ தெரியாமக் குடுத்த, சரி. அவளுக்குத் தெரிஞ்சே குடுத்த. மார்ச்சுல இருந்து ஜூன் வரைக்கும் தெனமும் டிபன் கட்டிட்டு அங்கதானே போன? அந்த மூணு மாசத்துல எத்தன டப்பாவுக்குக்கா கையெழுத்துப் போட்ட?"

முப்பத்தெட்டிலிருந்து நாற்பத்து நான்கு வரை. ஏழு பேட்ச். ஒரு பேட்சுக்கு ஐயாயிரம் டப்பா. சொல்லவில்லை. அவள் கேட்டது எண்ணிக்கையை அல்ல என்று தெரியும்.

'தெரியாமக் குடுத்த, சரி' என்றாளே, அதையும் நான் திருத்தவில்லை.

ஜூலை 9

இங்கே எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஜனவரியில், ஈரோட்டிலிருந்து ஒரு பெண் முகம் எரிகிறது என்று எழுதியிருந்தாள். வாசனை சேர்த்து முடித்த டப்பா ஒன்றை எடுத்துக் கருவியில் ஓட்டிப் பார்த்தேன். வரைபடத்தில் இருக்கக்கூடாத இடத்தில் ஒரு மேடு இருந்தது. என் செடிகள் எதுவும் அந்த இடத்தில் மேடு காட்டாது. பதினோரு வருடத்தில் அந்த வரைபடம் எனக்கு மனப்பாடம். 'கருவிக் கோளாறு' என்று எழுதி ஃபைலை மூடினேன். அந்த மாதம்தான் என் சேர்மானத்துக்கு விருது கொடுத்திருந்தார்கள். சால்வையோடு எடுத்த படம் இன்னும் ஹாலில் இருக்கிறது.

சுகுணாவுக்கு முதல் டப்பாவைக் கொடுத்தது அதற்கு ஏழு மாதம் கழித்து.

ஜூலை 10

படத்தைக் கழற்றினேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது.

ஜூலை 22

மிருதுளா கூப்பிட்டாள். முதல் தடவையாக அக்கா என்று சொல்லவில்லை.

"வாணி மேடம், நீங்க ஃபிரண்ட்ஸுக்குன்னு குடுத்த டப்பாவுல ஒண்ணு அப்படியே சீலோட இருக்கு. நானும் சுகுணாக்காவும் அதை ஆபீஸ்ல குடுத்துட்டு வந்துட்டோம்."

நல்லது என்றேன்.

"முழுசாக் கேளுங்க. புகாருல எங்கப்பா பேரையும் எழுதியிருக்கேன், உங்க பேரையும் எழுதியிருக்கேன். ஒருத்தர விட்டா இன்னொருத்தரப் பத்தி எழுதுனது பொய்யாயிரும்."

"எழுத வேண்டியதுதான் கண்ணு."

"கண்ணுன்னு கூப்படாதீங்க." "அப்பா பண்ணுனது எனக்குத் தெரியாது. யார் யாருக்கோ பண்ணுனாரு. நீங்க என் மூஞ்சியப் பாத்துட்டே பண்ணுனீங்க. ஸ்டூல்ல உக்காரவச்சு வேர் காட்டுனீங்க."

ஃபோனை அவள்தான் வைத்தாள்.

ஜூலை 24

அலுவலகத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தேன். ஜனவரி வரைபடத்திலிருந்து ஆரம்பித்தேன். ஏழு பேட்ச் எண்களையும் சொன்னேன். மல்லிச் சாறு என்று சொன்னதையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, "இதெல்லாம் நீங்களாச் சொல்லணும்னு இல்லையேம்மா" என்றார்.

"அந்தப் பொண்ணு எழுதியிருக்குங்க. நான் சொல்லலைன்னா அது பொய் சொன்ன மாதிரி ஆயிரும்."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சுகுணாவிடம் சொன்னேன், ஜனவரியையும் சேர்த்து. அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. கீரை முழுவதையும் ஆய்ந்து முடித்துவிட்டு எழுந்து போனாள்.

ஆகஸ்ட் 6

சுகுணா கடைக்குப் பக்கத்தில் பெண்கள் விடுதியில் இடம் பிடித்துப் போய்விட்டாள். நான்கு சேலை, டாக்டர் கொடுத்த மருந்து, ஈரத்துணி. கவுண்டருக்கே திரும்பக் கேட்டிருக்கிறாளாம். முகம் சரியாகும்வரை காத்திருக்கப் போவதில்லை என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டாளாம். இதை எனக்குச் சொன்னது வீட்டுக்காரம்மா.

ஆகஸ்ட் 14

கம்பெனிக்குச் சீல் வைத்துவிட்டார்கள். பேப்பரில் நான்கு வரி. பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். கதவில் அரக்கு முத்திரை. இதைப் பார்க்கத்தான் ஜூனிலிருந்து காத்திருந்தேன்.

பேக்கிங் பெண்கள் எதிர் டீக்கடை நிழலில் நின்றிருந்தார்கள். பி.எஃப். பணத்துக்கு யாரைக் கேட்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சரஸ்வதி மட்டும் கிட்டத்தில் வந்தாள். முந்தானையை விலக்கித் தன் கன்னத்தைக் காட்டினாள். சிவப்பு நூல், நிறைய.

"நாங்களும் ஆறு வருஷமாப் போடறமுங்க மேடம். நீங்க செய்யறதுன்னுதானே போட்டோம்."

டாக்டர் ஷகிலா பானுவின் விலாசத்தைப் பஸ் டிக்கெட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன். அவளே திருப்பி வாசித்துச் சரிபார்த்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 29

இன்று மிருதுளாவுக்குக் கல்யாணம். மருதமலைக் கோயிலில், ஐம்பது பேரோடு. சுகுணா போயிருந்தாள். போய்வந்ததை வீட்டுக்காரம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். முகத்துக்குப் பவுடர்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாளாம் பெண். மாப்பிள்ளை குடையைத் தன் பக்கமிருந்து எடுத்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டே படியிறங்கினாராம், வெயில் படாமல். சென்னியப்பன் சார் தாரை வார்த்துக் கொடுக்கும்போது மகளை நிமிர்ந்து பார்க்கவில்லையாம்.

நான் துணி துவைத்தேன். சமைக்கவில்லை.

செப்டம்பர் 11

கோர்ட்டிலிருந்து தபால் வந்திருக்கிறது. முதல் எதிரி சென்னியப்பன். இரண்டாம் எதிரி கோகிலவாணி. இரண்டு பேரும் ஒரே நாள், காலை பத்தரைக்கு ஆஜராக வேண்டும்.

பெயர் கூப்பிடுகிற வரைக்கும் வராந்தாவில் உட்கார ஒரு பெஞ்சுதான் இருக்கும். அதில் எந்த ஓரத்தில் உட்கார்ந்தாலும் அவர் பக்கத்தில்தான்.